மரக்கிண்ணத்தின் அடிப்பகுதியைக் கடைய அதைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: கிண்ணத்தின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் லேத்தில் (மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தில்) கடைந்து முடித்துவிட்டேன். சக் (லேத்தில் மரத்தைப் பற்றிச் சுழற்றும் பிடிப்பான்) பற்றியிருந்த அடிக்குமிழை நீக்கிப் பாதத்தைச் சீராக்க, விளிம்பில் தழும்பு விழாமல் கிண்ணத்தைத் திருப்பிப் பிடிப்பது எவ்வாறு?

மறுமொழி 1: கழிவு மரத்துண்டு ஒன்றைச் சக்கில் பொருத்தி, கிண்ணத்தின் உட்குழிவுக்கு ஏற்ற வளைவில் கடைந்து, மெல்லிய ரப்பர் விரிப்பை இடையில் வைத்து, அதன்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து, டெயில்ஸ்டாக்கின் (சக்குக்கு எதிரே நின்று மரத்தைத் தாங்கும் லேத்தின் பகுதி) முனையால் அடிமையத்தில் அழுத்துங்கள். மரம் உலர்கையில் விளிம்பு சற்றுக் கோணியிருந்தாலும் இம்முறை கைகொடுக்கும் என்பதால் இதையே முதலில் பரிந்துரைப்பேன். நடுவில் எஞ்சும் சிறு குமிழை, லேத்தை நிறுத்திய பின் உளியால் செதுக்கி எடுக்கலாம்.

மறுமொழி 2: விளிம்பு வட்டம் மாறாதிருந்தால், கிண்ணத்தின் விளிம்பைப் பற்ற, ரப்பர் குமிழ்கள் பொருத்திய, சக்கில் மாட்டும் அகன்ற தாடைகளும் உதவும், ஆனால் அவற்றின் பிடி வலுவானதன்று. ஆகவே வேகத்தைக் குறைத்து, டெயில்ஸ்டாக்கை இயன்றவரை விலக்காமல், மெல்லிய சீவல்களாகவே எடுங்கள்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. பாதத்தைத் தட்டையாக விடலாமா?

மறுமொழி 1: வேண்டாம், நடுவைச் சற்றுக் குழிவாக்குங்கள், அப்போதுதான் கிண்ணம் ஓரத்தில் ஊன்றி ஆடாமல் நிற்கும்.