ஏர்பேக் ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டு வேறு வீல் போடலாமா?

கோட்டையூரான்
என் வண்டி 2018 ஸ்விஃப்ட். காரைக்குடி வெயிலில் நின்று நின்று ஸ்டியரிங் மேல்தோல் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. வெள்ளைச் சட்டையோடு கல்யாண வீட்டில் போய் இறங்கினால் உள்ளங்கை கருப்பு. மதுரையில் ஒரு கடையில் 350 மில்லிமீட்டர் வீல் பார்த்தேன். கருப்புத் தோல், சிவப்பு நூல் தையல், பார்த்ததும் பிடித்துப்போனது. வேறு வீலை வண்டியின் ஸ்டியரிங் தண்டில் பொருத்துகிற பாஸ் கிட்டோடு மாட்டித் தருகிறார்கள். ஏர்பேக் போய்விடும், ஆனால் மீட்டரில் விளக்கு எரியாமல் இருக்க ரெசிஸ்டர் என்று ஒரு சின்ன மின்தடை வைத்துவிடுவோம் என்கிறார்கள். 3,000 அட்வான்ஸும் கொடுத்தாச்சு. யாராவது போட்டிருக்கிறீர்களா?

டிராக் மாப்பிள்ளை
தாராளமாகப் போடு தம்பி. நான் மூன்று வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். சின்ன வீலில் திருப்புகிற சுகமே தனி. ஏர்பேக் இல்லாவிட்டால் உயிரே போய்விடும் என்று இப்போது வரிசையாக வருவார்கள், பார். டிரைவர் ஏர்பேக் புது வண்டிகளுக்குக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். அதுவரை நம் ஊரில் ஓடிய அம்பாசிடரும் 800-ம் எதை நம்பி ஓடின? கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் சுற்றும் ரேஸ் கார்களைப் போய்ப் பார், ஒன்றிலும் ஏர்பேக் இருக்காது.

வயரிங் வாத்தியார்
தேவகோட்டையில் இருபது வருஷமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். மாப்பிள்ளை, ரேஸ் கார்க்காரர் உடம்பை ஆறு இடத்தில் பெல்ட் போட்டுக் கட்டி, ஹெல்மெட் மாட்டி, கழுத்துக்கும் தனிப் பிடிப்பு வைத்து, இரும்புக் கூண்டுக்குள் உட்காருகிறார். நீங்கள் வேட்டி கட்டிக்கொண்டு பிள்ளையார்பட்டி போகிறீர்கள். இரண்டும் ஒன்றா?

தம்பி, அந்த ரெசிஸ்டர் சமாசாரத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் கிளாக் ஸ்பிரிங் என்று ஒன்று உண்டு. பட்டையான ஒயரைச் சுருட்டி வைத்த டப்பா. வீல் சுற்றினாலும் ஹார்னுக்கும் ஏர்பேக்குக்கும் கரண்ட் அறுந்துபோகாமல் போவது அதன் வழியாகத்தான். ஏர்பேக்கை இயக்குகிற கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த ஒயரில் ஒரு குறிப்பிட்ட ஓம் தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஏர்பேக்கைப் பிடுங்கினால் தடை காணாமல் போகும், விளக்கு எரியும். அந்த இடத்தில் இரண்டு மூன்று ஓமுக்கு ஒரு ரெசிஸ்டரைச் சொருகினால் பெட்டி ஏமாந்துவிடும். பை இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளும்.

இப்போது வண்டி மோதுகிறது என்று வையுங்கள். பெல்ட் உங்களை இறுக்கிப் பிடிக்கும். அதே பெல்ட்டுக்குள் லோட் லிமிட்டர் என்று ஒன்று பல வண்டிகளில் இருக்கிறது. நெஞ்செலும்பு முறியாமல் இருக்க, அளவுக்கு மேல் இழுத்தால் பெல்ட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுத்தால் தலை முன்னால் போகும், போகிற தலையைப் பை வாங்கிக்கொள்ளும். கம்பெனிக்காரன் போட்ட கணக்கு அது. பை இல்லையென்றால் பெல்ட் உங்களை எதன்மேல் கொண்டுபோய் விடும்? அந்தச் சிவப்புத் தையல் வீலின்மேல்தான். பழைய அம்பாசிடரோடு ஒப்பிடுவது அதனால்தான் தப்பு. அதில் இந்தக் கணக்கே கிடையாது.

டிராக் மாப்பிள்ளை
அண்ணே, நம் ஊர் ரோட்டில் 50-க்கு மேல் எங்கே போகிறோம்? தைப்பூச நேரத்தில் குன்றக்குடி பக்கம் பாதயாத்திரைக்காரர்களுக்குப் பின்னால் 20-ல் ஊர்கிறோம்.

வயரிங் வாத்தியார்
50-ல் போய்ச் சுவரில் மோதுவதும் 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். கானாடுகாத்தான் பெரிய வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்று கீழே பாருங்கள், தெரியும்.

டிராக் மாப்பிள்ளை
சரி, ரெசிஸ்டரே வேண்டாம், விளக்கு எரியட்டும் என்று விட்டால்?

வயரிங் வாத்தியார்
விளக்கு எரிந்தால் பல வண்டிகளில் பெட்டி மொத்தமாகக் கையை விரித்துவிடும். பக்கத்து சீட் ஏர்பேக்கும் வராது, பெல்ட்டை இறுக்குகிற பிரிடென்ஷனரும் வேலை செய்யாது. ரெசிஸ்டர் வைத்தால் அவையாவது வேலை செய்யும். அந்த மட்டில் கடைக்காரன் சொல்வதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. எப்படிப் போனாலும் ஒரு பக்கம் இடி.

பள்ளத்தூர்க்காரி
அண்ணன்மார் இருவரும் ஓட்டுகிறவரைப் பற்றியே பேசுகிறீர்கள். அடுத்து அந்த வண்டியை வாங்குகிறவர்?

மூன்று வருஷம் முன்னால் பழைய கார் ஒன்று வாங்கினேன். கம்பெனி வீல்தான், நடுவில் ஏர்பேக் என்று எழுத்தும் இருந்தது. சாவி போட்டால் சிவப்பு விளக்கு எரிந்து தானாக அணையும், எல்லாம் ஒழுங்கு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் கூட்டிப்போனேன். போன மாசி மாசம் ஹார்ன் அடிக்கவில்லை. மெக்கானிக் பேட்டரி ஒயரைக் கழற்றி, கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, நடு மூடியைத் திறந்தார். உள்ளே வெறும் குழி. மஞ்சள் கனெக்டரில் ஒரு ரெசிஸ்டர், மேலே கருப்பு டேப் சுற்றி. வேப்பங்கொட்டை அளவுகூட இல்லை. எப்போதோ மோதிய வண்டி, விரிந்த பைக்குப் பதிலாக அதை வைத்து விற்றிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

உங்கள் உயிர், உங்கள் இஷ்டம், போடுங்கள். ஆனால் விளக்கை அணைத்து வைப்பது அடுத்தவரிடம் சொல்கிற பொய். அதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

டிராக் மாப்பிள்ளை
ஆச்சி, உங்களுக்கு நடந்தது அநியாயம், அதில் பேச்சே இல்லை. நான் விற்கும்போது பழைய வீலை மாட்டித்தான் கொடுப்பேன், ஏர்பேக்கோடு பரணில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் கம்பெனி ஏர்பேக் என்றால் சாமி என்று கும்பிடாதீர்கள். டகாட்டா என்கிற ஜப்பான் ஏர்பேக் கம்பெனி கதை தெரியுமில்லையா? ஏர்பேக் வெடித்து இரும்புத் துண்டு சிதறிச் செத்தவர்கள் உண்டு. அதுவும் வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில்தான் அதிகம் கெட்டுப்போனது. நம் ஊர் எப்படி என்று சொல்லவே வேண்டாம்.

வயரிங் வாத்தியார்
உண்மைதான். அதற்காக உலகம் முழுக்க வண்டிகளைத் திருப்பி அழைத்து, பையை ஊத வைக்கிற இன்ஃபிளேட்டரை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். எடுத்து எறியச் சொல்லவில்லையே. அப்புறம், பரணிலா வைத்திருக்கிறீர்கள்? அது வெடிமருந்து வைத்த சாமான் மாப்பிள்ளை. எழுத்து இருக்கும் பக்கம் மேலே பார்த்துத்தானே இருக்கிறது? கவிழ்த்து வைத்து வெடித்தால் மொத்த மாட்யூலும் மேலே எகிறும்.

டிராக் மாப்பிள்ளை
பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

சர்வேயர் ஐயா
இன்சூரன்ஸ் பக்கமிருந்து ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ரோட்டில் யாரும் பிடிக்காமல் இருக்கலாம். விபத்து க்ளைமுக்கு நான் வந்து பார்க்கும்போது கண்ணில் படாமல் போகாது.

கோட்டையூரான்
தலை சுற்றுகிறது. அப்போது இந்தப் பிசுபிசுப்புக்கு என்னதான் வழி?

வயரிங் வாத்தியார்
செக்காலை ரோட்டில் சீட் கவர் தைக்கிற கடைகளில் விசாரியுங்கள். பழைய தோலைச் சுரண்டிவிட்டு வளையத்தில் மட்டும் புதுத் தோல் வைத்துக் கையாலேயே தைப்பார்கள். சிவப்பு நூலே கேளுங்கள். நடு மூடியில் மட்டும் எதையும் ஒட்டவோ தைக்கவோ விடாதீர்கள், பை கிழித்துக்கொண்டு வருகிற இடம் அது.

கோட்டையூரான்
சரி அண்ணே. ஆனால் அட்வான்ஸ் 3,000 திரும்ப வராதாம், வேண்டுமானால் வீலை எடுத்துக்கொள் என்கிறார்.

கண்டனூர் 800
எங்கள் அப்பச்சியின் 1994 மாருதி 800 இன்னும் ஓடுகிறது. ஏர்பேக் அதில் பிறவியிலேயே கிடையாது. அந்த வீலில் போல்ட் மாட்டுவது 70 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆறு ஓட்டை என்கிற கணக்குதானே? 800-க்குப் பாஸ் கிட் நான் பார்த்துக்கொள்கிறேன். மீதிப் பணத்தை நான் கட்டுகிறேன், உங்களுக்கு 2,500 தருகிறேன்.

கோட்டையூரான்
முழுசாக 3,000 கொடுங்கள் அண்ணே.

கண்டனூர் 800
ஹார்ன் பட்டனும் சேர்த்தா?