குடியிருப்போர் சேர்ந்து தெருவைச் சைக்கிளுக்குப் பாதுகாப்பாக்க எங்கே தொடங்குவது?

கேள்வி – வழித்துணை
வணக்கம். எங்கள் பகுதியில் பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் சைக்கிளில் போகிறவர்கள் அதிகம். சங்கக் கூட்டத்தில் பேச்சு எப்போதும் ஹெல்மெட் கொடுப்பது, பேரணி நடத்துவது என்பதோடு நின்றுவிடுகிறது. நகராட்சியிலோ "எந்த இடம், என்ன பிரச்சினை என்று எழுதிக் கொடுங்கள்" என்கிறார்கள். இருபது பேர் இருக்கிறோம், பணம் குறைவு. எதிலிருந்து தொடங்கலாம்? வேகத்தடையை நாமே போட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள், சரியா?

பதில் – நாற்சந்தி
அவர்கள் கேட்டபடி எழுதிக் கொடுப்பதிலிருந்தே தொடங்குங்கள். நடந்துமுடிந்த விபத்துகளை மட்டும் சேர்த்தால் போதாது. போலீஸ் பதிவுக்குப் போகாத சின்ன மோதல்களும் மயிரிழையில் தப்பியவையும்தான் அடுத்த விபத்து எங்கே என்று காட்டும். ஒரு நோட்டில் இடம், நேரம், சைக்கிள் போன திசை, மற்ற வண்டி எது, நடந்தது என்ன என்று ஐந்து கட்டம் போட்டால் போதும். இடம் என்றால் எந்த மின்கம்பத்தருகே என்ற அளவுக்கு. நடந்தது என்றால் கார்க் கதவு திறந்ததா, திரும்பும் வண்டி குறுக்கே வந்ததா, உரசிக்கொண்டு முந்தியதா என்று. "எல்லாரும் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறார்கள்" என்று எழுதினால் பொறியாளரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து வேகம். சாலையோரம் 50 மீட்டரை டேப்பால் அளந்து இரு முனையிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். முன்சக்கரம் முதல் கோட்டைத் தொட்டதும் ஒருவர் கையை இறக்க, இரண்டாம் கோட்டில் நிற்பவர் ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும். 6 விநாடி என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், 3.6 விநாடி என்றால் 50. ஒரே ஆள் இரண்டு கோட்டையும் பார்த்தால் பார்வைக் கோணத்தால் அளவு தவறும். நெரிசல் நேரத்தில் அளக்காதீர்கள், அப்போது எல்லா வண்டியும் மெதுவாகத்தான் போகும். 100 வண்டிகளின் வேகத்தைக் குறைவிலிருந்து அடுக்கி 85-ஆவது வேகத்தைக் குறித்துக் கொடுங்கள். சாலைப் பொறியாளர்களுக்குப் பழக்கமான அளவு அது. சராசரியைக் கொடுத்தால் வேகமாகப் போகிறவர்கள் அதில் மறைந்துவிடுவார்கள்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், காய்ந்த சாலையில் 30-இல் வரும் கார் நிற்கச் சுமார் 14 மீட்டர் பிடிக்கும், ஓட்டுநர் சுதாரிக்கும் ஒரு விநாடியையும் சேர்த்து. 50-இல் சுமார் 28 மீட்டர். ஹெல்மெட்டால் இந்த 14 மீட்டர் வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது.

பதில் – ஆரக்கால்
வேகத்தடையை நீங்களாகப் போடவே போடாதீர்கள். அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், செங்குத்தாக எழும் மேடு காரைவிடச் சைக்கிளைத்தான் முதலில் கவிழ்க்கும், அதுவும் தெருவிளக்கு இல்லாத இடத்தில். சாதாரணப் பெயிண்டில் கோடு போடுவதும் வேண்டாம், மழையில் வழுக்கும்.

உங்களால் முடிகிற வேலை நிறைய இருக்கிறது. திருப்பங்களில் சேரும் மணலையும் சரளையையும் முறைவைத்துக் கூட்டுங்கள், சைக்கிள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். வடிகால் மூடிகளைப் பாருங்கள். கம்பிகள் சைக்கிள் போகும் திசையிலேயே ஓடினால் ஒல்லியான டயர் உள்ளே இறங்கிவிடும், ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். மூடி சதுரமாக இருந்தால் 90 டிகிரி திருப்பி வைத்தாலே தீர்ந்தது. படத்தோடு எழுதிக் கொடுங்கள், இப்படிப்பட்ட சின்ன வேலை சீக்கிரம் நடக்கும்.

தெருமுனையில் பார்வை மறைவதுதான் பெரிய பிரச்சினை. செல்போனைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்து முனையிலிருந்து படம் எடுங்கள். குழந்தைக்குத் தெரிவது அவ்வளவுதான். நிறுத்திய வேனின் பக்கவாட்டுத் தகரம் மட்டும் படத்தில் விழுந்தால், அந்த ஒரு படம் பத்துப் பக்க மனுவுக்குச் சமம்.

வழித்துணை
முனையில் வண்டி நிறுத்தக் கூடாது என்றால் கடைக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்களே?

ஆரக்கால்
நாள் முழுக்க என்று கேட்காதீர்கள். பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் முக்கால் மணி நேரம், முனையிலிருந்து 10 மீட்டர் மட்டும் காலியாக இருக்கட்டும். சரக்கு இறக்கும் நேரத்தை அவர்களையே சொல்லச் சொல்லி அதைச் சுற்றி ஏற்பாடு செய்யுங்கள். இடத்தைப் பிடித்துவைக்கப் பூந்தொட்டி வைப்பதானால் செடியோடு சேர்த்து 60 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேன் மறைத்ததைச் செடி மறைக்கும்.

பதில் – முன்விளக்கு
பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துப் போகும் எண்ணம் இருந்தால் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், நடுவில் நான்கைந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும். முன்னால் போகிறவர் மெதுவாக ஓட்டும் பிள்ளையின் வேகத்தில் போகட்டும், 10 கிலோமீட்டர் வேகமே தாராளம். சிக்னலில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தால் என்ன செய்வது என்று முதல் நாளே பேசிவைக்க வேண்டும். பின்தங்கியவர்கள் நிற்பார்கள், முன்னால் போனவர்கள் தாண்டி ஓரமாகக் காத்திருப்பார்கள். இதைச் சொல்லிவைக்காவிட்டால் கடைசிப் பிள்ளை சிவப்பு விளக்கில் விரட்டிக்கொண்டு வரும்.

நிறுத்திய கார்களை ஒட்டாமல் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளியே ஓட்டச் சொல்லுங்கள். கார் வைத்திருக்கும் குடியிருப்போரிடம் கதவுக்குத் தள்ளியிருக்கும் கையால் திறக்கச் சொல்லுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருவது கண்ணில் படும். சிக்னலில் நிற்கும் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே யாரும் நுழையக் கூடாது. லாரி அந்தப் பக்கம் திரும்பினால் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும்.

வாரம் ஒருமுறை பிரேக் பாருங்கள். பிடியை இறுக்கினால் ஹேண்டில்பாரைத் தொடுகிற சைக்கிளை அன்றைக்குக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள், கேபிளை இறுக்கிய பிறகு வரட்டும்.