மறு: கட்டர் நம்பர் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பின் ஐயா,

> 'ஆசிரியர் எண்' என்றே வைத்துக்கொள்ளலாமே. நூலின் முதுகில் அது ஆசிரியர் பெயரைத்தானே சுட்டுகிறது?

கட்டர் நம்பர் என்பது ஒரே பொருளிலுள்ள நூல்களை அகரவரிசையில் அடுக்குவதற்காக நூலகத்தார் போடும், எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறி. அது பெரும்பாலும் ஆசிரியர் பெயரைத்தான் சுட்டுகிறது. ஆனால் ஆசிரியர் பெயரில்லாத நூலுக்குத் தலைப்பை வைத்துப் போடுகிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஊர்ப்பெயர்களுக்கும் பொருள்களுக்கும்கூட இதையே போடுகிறது. அங்கே 'ஆசிரியர் எண்' இடிக்கும். 'நூல் எண்' என்று இன்னொருவர் சொன்னதும் வேண்டாம். நூலகவியலாளர் ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பு என்ற நூல் வகைப்பாட்டு முறையில் நூல் எண் என்பது வெளியான ஆண்டை முதன்மையாகக் கொண்டது, இரண்டும் குழம்பிவிடும்.

இந்தக் குறிக்குப் பெயர் தந்த சார்லஸ் அம்மி கட்டர் ஹார்வர்டில் இறையியல் படித்தவர். அங்கேயே நூலகத்தில் எஸ்ரா அபட்டிடம் அட்டைப் பட்டியல் வேலை பழகினார். 1868இல் பாஸ்டன் அத்தீனியம் என்ற நூலகத்தின் நூலகரானார். அதன் அச்சுப் பட்டியல் ஐந்து தொகுதிகளாக 1874 முதல் 1882 வரை வந்தது. நடுவே, 1876இல், அவருடைய பட்டியலாக்க விதிகள். (அதே ஆண்டில் நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயியின் தசமப் பகுப்பும் வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. எனக்கு இதில் ஆதங்கம் உண்டு.)

நம் சொல்லுக்கு வேண்டிய நுட்பம் இதுதான்: பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்து, அடுத்த எழுத்துகளைத் தசம எண்ணாக்கினார். காங்கிரஸ் நூலகத்தின் இன்றைய அட்டவணைப்படி மெல்வில் எம்45, மெரிடித் எம்47. இடையில் ஒருவர் வந்தால் எம்46. அதற்கும் முன்னால் இன்னொருவர் வந்தால் எம்455. தசமம் என்பதால் அது 45க்கும் 46க்கும் நடுவில் போய் உட்காரும். ஏற்கெனவே அடுக்கிய ஒரு நூலுக்கும் எண் மாற்ற வேண்டாம்.

அகரவரிசையில் பெயருக்குள்ள இடத்தைத்தான் இது காட்டுகிறது. ஆகவே என் பரிந்துரை: அகரவரிசைக் குறி. 'அகரக்குறி' என்று சுருக்கினால் 'அ' எழுத்தைச் சொல்வதாகப் படும். 'நிரற்குறி' என்றால், 'நிரல்' எங்கள் சொல் என்று கணினிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

'கட்டர் குறி' மாற்றுச்சொல்லாக இருக்கட்டும். வெறுமனே விட்டால் மாணவர்கள் ஏதோ வெட்டும் கருவி என்று நினைப்பார்கள். ஆளைப் பற்றி ஒரு வரி சேர்த்துவிடலாம். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கத் தாம் வகுத்த விரிவுப் பகுப்பின் ஏழாம் நிலையை முடிக்காமலே 1903இல் இறந்தவர். காங்கிரஸ் நூலகப் பகுப்பில் அதன் சாயல் இன்றும் தெரிகிறது.

வினைக்குக் 'குறியிடு' போதும். நூல் அடுக்கில் இருக்கும் இடத்தைக் காட்டும் முழு எண்ணான 'கால் நம்பர்' (call number) என்பதற்குக் 'கூப்பிடு எண்' சரிதானா என்பதைத் தனி இழையில் பேசலாம்.