ஏசியும் ஃபர்னஸும் சேர்த்து மாற்றப் போகிறோம், யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எரிபொருளை எரித்து வீட்டைச் சூடாக்கும் எங்கள் ஃபர்னஸுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. ஏசி கொஞ்சம் இளசு, ஆனால் காயிலில் (குளிர்விக்கும் குழாய்ச் சுருளில்) கசிவு. இரண்டுக்கும் ஒரே ப்ளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி), ஒரே டக்ட் (காற்றுக்குழாய்) என்பதால் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று இருக்கிறோம்.

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் ஏசி 3 டன் போதும் என்கிறார், இன்னொருவர் 4 டன் என்கிறார். மூன்றாமவர் பழைய பெட்டியின் ஸ்டிக்கரைப் பார்த்து, "அதே அளவு போட்டுடலாம்" என்று கிளம்பிவிட்டார். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு (வெப்ப அலகு) வெப்பத்தை வெளியேற்றும் திறன், சின்ன வித்தியாசம் இல்லை. பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் அளவு மீறிய ஏசி சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரப்பதம் வீட்டிலேயே தங்கிவிடும். ஜன்னல், கூரை, இன்சுலேஷன் எதையும் அளக்காமல் சொல்லும் கணக்கை நம்பலாமா?

அப்புறம் ஃபர்னஸ். 80 சதவீதத் திறனா, 95ஆ? 95 என்றால் புகையிலுள்ள நீராவியின் வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும். அதற்குத் தண்ணீர் வடியக் குழாயும் தனிப் புகைக்குழாயும் வேண்டும். எங்கள் வாட்டர் ஹீட்டரும் இப்போதைய ஃபர்னஸின் அதே பழைய புகைபோக்கியில்தான் இணைந்திருக்கிறது. ஃபர்னஸை அதிலிருந்து பிரித்துவிட்டால், ஹீட்டருக்கு மட்டும் அது மிகப் பெரிதாகி, புகை சரியாக மேலே போகாதோ என்பதுதான் பெரிய பயம். இதை யாராவது சமாளித்திருக்கிறீர்களா?

ஏசிக்குப் பதில் ஹீட் பம்ப் (ஏசி போலக் குளிர்விக்கவும், திருப்பி ஓடிச் சூடாக்கவும் செய்யும் கருவி) வைத்து, கடுங்குளிருக்கு மட்டும் ஃபர்னஸை ஓட்டுபவர்களும் சொல்லுங்கள். சத்தம் எப்படி?