புதுப்பிப்பு: பிடித்த புத்தகம் பற்றிப் பிள்ளைகளைத் தமிழில் பேசவைப்பது

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடும் வாசிப்பு வட்டத்தில், தொடக்கநிலை 4, 5 பிள்ளைகள் எழுவரும் தங்களுக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றித் தமிழில் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் பேசுவதில்லை என்று பிப்ரவரியில் இங்கே எழுதியிருந்தேன். பதில் அளித்த அனைவருக்கும் நன்றி.

முதலில், பதில்களில் வந்த, புத்தகம் பற்றிக் கேள்வித்தாள் கொடுக்கும் யோசனையை முயன்றேன். பிள்ளைகள் அதைக் கருத்தறிதல் பயிற்சி என்று எண்ணிப் பென்சிலைத் தேடத் தொடங்கியதால், அன்றே கைவிட்டேன்.

பலன் தந்தது, புத்தகத்தோடு பொழுதுபோக்குப் பொருள் ஒன்றையும் கொண்டுவரச் சொல்லும்படி ஓர் ஆசிரியை எழுதிய யோசனைதான். ஒரு சிறுவன் ஜாம் போத்தலில் சண்டைமீனைக் கொண்டுவந்து, ஆண்மீன் நீர்ப்பரப்பில் குமிழிக்கூடு கட்டி முட்டைகளைக் காப்பதை விளக்கினான். பிறகு, தன் கதைப்புத்தகத்தில் தாய்மீன் காவல் இருப்பதாக வரைந்திருப்பது தவறு என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டி, ஏறத்தாழப் பத்து நிமிடம் பேசினான். புத்தகத்தில் குறை கண்டுபிடிக்கலாம் என்பது மற்றவர்களுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது போலும்.

நான் எதிர்பாராதது ஒன்று உண்டு. அவர்கள் ஆங்கிலத்துக்குத் தாவியபோது நான் திருத்தவில்லை. ஆனால் மீனின் மூச்சுறுப்புக்குத் தமிழில் என்ன பெயர் என்று அவர்களே கேட்டார்கள். ‘செவுள்’ என்றேன், அன்று மாலை முழுவதும் அதே சொல்தான்.

நூலகத்தில் இரவல் காலம் 21 நாள் என்பதால், இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூடுகிறோம். உயிருள்ளவற்றைக் கொண்டுவருவோர் மூடியில் துளையிட்டுக் கொண்டுவருவது நல்லது.