பூனைக்கு எத்தனை வேளை?

நாகப்பட்டினத்திலிருந்து:
எங்கள் பூனைக்குக் கடிகாரம் தேவையில்லை. மீன்காரம்மாவின் குரல் தெருமுனையில் கேட்டதுமே அரிவாள்மணைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். மீன் வருவது ஒரு வேளைதான். அதற்காக ஒரே வேளையில் எல்லாவற்றையும் போடுவதில்லை. மத்தியை உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, நடுமுள்ளை உருவி, கொஞ்சம் சோற்றோடு பிசைந்து மூன்று பங்காக்குவேன். தானே வேட்டையாடிப் பிழைக்கும் பூனை நாள் முழுக்கச் சின்னச் சின்ன இரைகளாகத் தின்னும் பிராணி. மொத்தமாகக் கொட்டினால் அவசரமாக விழுங்கிவிட்டுத் திண்ணையில் வந்து கக்குகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் 61 நாட்கள் கரையில் நிற்கும்போது மீன் விலை நமக்கே கட்டுப்படியாகாது, பூனைக்கு எங்கே? அவித்த முட்டை, கோழிக்கறி என்று ஓட்டுகிறோம். பண்டம் மாறும், வேளை மாறாது.

மன்னார்குடியிலிருந்து:
சோறு போட்டால் எலி பிடிக்காது என்று பூனையைப் பட்டினி போடுகிறவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். சுத்தப் பிதற்றல். சம்பா அறுவடை முடிந்து நெல் மூட்டை வீட்டுக்கு வந்தால் எலியும் கூடவே வரும். எங்கள் பூனை காலையும் மாலையும் வயிறாரத் தின்றுவிட்டுத்தான் மூட்டைக்குப் பின்னால் பதுங்குகிறது. எலிமருந்து வைத்திருக்கும் நாட்களில் மட்டும் வெளியே விடுவதில்லை. மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனைக்கும் ஆபத்து.

கும்பகோணத்திலிருந்து:
எங்கள் வீட்டில் மீனே கிடையாது. தயிர்சாதத்தை நாலு வேளை வைத்தாலும் பூனைக்குப் போதாது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் தேவையான அளவு உண்டாக்கிக்கொள்ளாது; அது இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். குறைந்தால் கண்பார்வையும் இதயமும் கெடும். அதனால் கடையில் விற்கும் பூனைத் தீனியைக் கொல்லைப்புறத்தில் வைக்கிறோம். முதலில் முகம் சுளித்த பாட்டி இப்போது தாமே அளந்து போடுகிறார். குட்டிகளுக்கு நாலு வேளை. பால் கொடுக்கும் தாய்க்குக் கேட்கும்போதெல்லாம்.

மீண்டும் நாகப்பட்டினம்:
புரட்டாசியில் எங்கள் வீட்டிலும் மீன் இல்லை. விரதம் நமக்குத்தான், பூனைக்கு இல்லை. தொடர்ந்து சில நாட்கள் தின்னாமல் கிடந்தால், அதுவும் பருத்த பூனையானால், கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.