ஆட்டுச் சொறி மைட்: ஜெல்லில் பாண்டு தெளிவு, காக்ஸ்1 வரிசை மட்டும் குழம்பி வருதுங்க

கொரங்காடு (கேள்வி):
வணக்கமுங்க. தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துப் பட்டிகளில் சொறி பிடித்த வெள்ளாடுகளிலும் அதே பட்டி நாய்களிலும் தோல் சுரண்டல் எடுத்து, சார்காப்டஸ் ஸ்கேபியை மைட்டின் (தோலைக் குடையும் நுண்ணிய எட்டுக்கால் உயிர்) மரபு வேறுபாட்டைப் பார்க்கிறோம். ஆட்டிலிருந்து நாய்க்கும் நாயிலிருந்து ஆட்டுக்கும் ஒரே மைட்தான் போய் வருதா என்பது கேள்வி.

செய்யும் முறை: சுரண்டலை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி, நுண்ணோக்கியில் மைட்டைப் பார்த்துப் பொறுக்கி, ஒரு விலங்குக்கு 15 மைட் வரை ஒரே குழாயில் போட்டு, சிலிக்கா காலம் (டிஎன்ஏவைப் பிடித்து வடிக்கும் குழாய்) கிட்டில் டிஎன்ஏ பிரிக்கிறோம். மைட்டோகாண்ட்ரியாவின் காக்ஸ்1 மரபணுவை பிசிஆரில் பெருக்க ஃபோல்மர் பிரைமர்கள் (எல்சிஓ1490, எச்சிஓ2198 என்ற தொடக்கத் துண்டுகள்). ஜெல்லில் 700 எழுத்து நீளத்துக்குப் பக்கத்தில் நல்ல பாண்டு (டிஎன்ஏ பட்டை) வருது. சேங்கர் முறையில் எழுத்து வரிசை படிக்கும்போதுதான் சிக்கல். சிலதில் முதல் எழுத்திலிருந்தே இரட்டைச் சிகரம். சிலது சுத்தமாக ஓடி, அங்கங்கே நாலைந்து இடத்தில் மட்டும் இரட்டை. ஒன்றிரண்டு பிளாஸ்ட்டில் (வரிசை ஒப்பிடும் தேடல்) வெள்ளாடு என்றே வருது. புரதமாக மாற்றினால் நடுவில் நிறுத்தக் குறிகள். பிரைமரை மாற்றோணுமா, கிட்டை மாற்றோணுமா?

நொய்யல்கரை:
இரண்டையும் அப்புறம் பார்க்கலாமுங்க. மொதல்ல அந்த 15 மைட்டைப் பிரிக்கோணும்.

நீங்கள் சொன்ன இரண்டு வகை இரட்டைச் சிகரமும் வேறு வேறு கோளாறு. முதல் எழுத்திலிருந்தே குழப்பம் என்றால் குழாயில் இரண்டு வேறு உயிரின் டிஎன்ஏ பெருகியிருக்கிறது. ஃபோல்மர் பிரைமர் 1994லேயே பல தொகுதி விலங்குகளுக்குப் பொதுவாக அமைத்தது. ஆட்டின் காக்ஸ்1லும் ஒட்டும். அந்த மரபணுவின் நீளம் எல்லா விலங்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் 700ல் பாண்டு வந்ததை வைத்து மைட் என்று நம்ப முடியாது. ஆட்டுடையதும் அதே உயரத்தில்தான் நிற்கும். மைட் தோலுக்குள் குடைந்து அந்தத் திசுநீரையே குடிப்பதால், வெளியே எவ்வளவு கழுவினாலும் குடலில் கொஞ்சம் ஆட்டு டிஎன்ஏ இருக்கும்.

அங்கங்கே மட்டும் இரட்டை என்றால் அது மைட்தான், ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட ஹாப்லோடைப் (ஒரே மரபணுவின் வேறு வேறு வரிசை வடிவம்). ஒரே ஆட்டில் இரண்டு வகை இருந்திருக்கலாம். நீங்கள் தேடிப் போனதே அந்த வேறுபாடு. அதைச் சேர்த்து அரைத்ததால் எந்த எழுத்து எந்த மைட்டுடையது என்று இனிப் பிரிக்க முடியாது. அந்த வரிசைகளில் பெரிய சிகரத்தை மட்டும் எடுத்து ஒரு வரிசையாகத் தைத்துவிடாதீங்க. எந்த மைட்டிலும் இல்லாத ஒரு கலப்பு வரிசை கிடைக்கும்.

பவானி ஆத்தோரம்:
நொய்யல்கரை அண்ணன் சொன்னது சரி. மாதிரி எடுப்பிலும் திருத்தம் வேணுமுங்க.

ஹைட்ராக்சைடு நோய் கண்டறிய மட்டும். அந்தக் காரம் ஒட்டியிருந்தால் புரோட்டினேஸ் கே (புரதத்தைக் கரைக்கும் நொதி) சரியாக வேலை செய்யாது. அமிலகாரநிலை ஏறினால் சிலிக்கா காலத்தில் டிஎன்ஏ பிடிக்காது. பொருக்கை இரண்டாகப் பிரிச்சு ஒன்றை ஹைட்ராக்சைடுக்கு வைங்க. மற்றதைப் பெட்ரி தட்டில் போட்டு, மேஜை விளக்கின் இளஞ்சூட்டில் விடுங்க. உயிருள்ள மைட் சூட்டுக்குப் பொருக்கைவிட்டு வெளியே ஊர்ந்து வரும். நனைத்த ஊசி முனையில் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து, 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலில் போட்டு, கழித்தல் 20 டிகிரியில் வைங்க. ஃபார்மலின் கூடாது. ஐவர்மெக்டின் (மைட் கொல்லி மருந்து) ஊசி போடும் முன்னாடியே எடுத்துடோணும். செத்துக் கிடந்த மைட்டில் டிஎன்ஏ சிதைந்திருக்கும்.

தனி மைட்டுக்கு இது போதும்:
எத்தனாலை உலரவிட்டு, சுத்த நீரில் இரண்டு முறை அலசி, நுண்ணூசியால் பின்பக்கம் ஒரு குத்து. மைட்டின் தோல் கெட்டி, குத்தாமல் விட்டால் உள்ளே எதுவும் கரையாது. 5 சதவீத செலெக்ஸ் (உலோக அயனிகளைப் பிடிக்கும் பிசின் மணிகள்) கரைசல் 100 மைக்ரோலிட்டர், 20 மி.கி./மி.லி. புரோட்டினேஸ் கே 5 மைக்ரோலிட்டர், 56 டிகிரியில் இரவு முழுக்க, பிறகு 95ல் 10 நிமிடம். சுழற்றி, மேல்நீரிலிருந்து 2 மைக்ரோலிட்டர் மட்டும் பிசிஆருக்கு. செலெக்ஸ் மணி ஒன்று கூட வந்தாலும் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், பாண்டே வராது. இங்கதான் நிறையப் பேர் தடுமாறுவாங்க.

25 மைக்ரோலிட்டர் பிசிஆர் கலவையில் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்), மைக்ரோலிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் சேருங்க. சுரண்டலோடு வரும் ரத்தத்தின் தடையைக் குறைக்கும். பிரைமர் ஒட்டும் சூடு 45 டிகிரியில் 5 சுற்று, பிறகு 50ல் 35 சுற்று. மைட் இல்லாத வெற்றுக் குழாய் ஒன்று செலெக்ஸ் கட்டத்திலிருந்தே கூட ஓடோணும். ஆடு அப்பவும் பெருகினால், மைட் வரிசைக்கும் ஆட்டு வரிசைக்கும் வேறுபடும் எழுத்தில் 3' முனை (நகலெடுப்பு தொடங்கும் நுனி) விழும்படி புதுப் பிரைமர் அமைக்கலாம்.

கொரங்காடு:
நன்றிங்க. நிறுத்தக் குறி எதனால? நாய், ஆடு இரண்டின் மைட்டுக்கும் மரபுவழி மரம் வரைந்தால் கேள்விக்குப் பதில் வந்துருமா? சில பட்டிக்காரர்கள் ஊசி போட்டும் கேட்கலை என்கிறார்கள், அதுவும் இதில் தெரியுமா?

நொய்யல்கரை:
நிறுத்தக் குறிக்கு முதலில் குறியீட்டு அட்டவணையை (எந்த மூன்றெழுத்து எந்த அமினோ அமிலம் என்பது) பாருங்க. பொது அட்டவணை 1ல் டிஜிஏ நிறுத்தம். மைட்டின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு அட்டவணை 5. அதில் டிஜிஏ டிரிப்டோஃபேன். தவறி 2ஐ, முதுகெலும்பி அட்டவணையை, எடுத்தால் ஏஜிஏவும் ஏஜிஜியும் நிறுத்தமாகிவிடும். பிரைமரை வெட்டிய துண்டில் சட்டகம் (மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் அமைப்பு) பெரும்பாலும் 2ஆவது எழுத்திலிருந்து தொடங்கும். அட்டவணை 5லும் சரியான சட்டகத்திலும் நிறுத்தம் வந்தால் குரோமோகிராமில் (சிகர வரைபடம்) எழுத்து விடுபட்டதா பாருங்க. அதுவும் இல்லையென்றால் உட்கருவுக்குள் புகுந்த போலிப் பிரதி, அதை ஒதுக்கிடுங்க.

மரம் பற்றி: காக்ஸ்1 தாய்வழி மட்டும் காட்டும். ஆடும் நாயும் ஒரே ஹாப்லோடைப் என்றாலும் இப்போது மைட் கைமாறுகிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு கூட்டமும் பழைய மூதாதையைப் பகிர்ந்தாலே அப்படி வரும். அதற்கு நுண்துணைக்கோள் குறியீடுகள் (மைக்ரோசாட்டிலைட், திரும்பத் திரும்ப வரும் குட்டை டிஎன்ஏ துண்டுகள்) வேணும். வட ஆஸ்திரேலியாவில் நாயும் மனிதரும் ஒரே ஊரில் சொறியோடு இருந்த இடத்தில், இரு மைட்டும் மரபில் தனித்தனி என்று 1999ல் காட்டியது இந்தக் குறியீடுகள்தான். ஐடிஎஸ்2 என்ற உட்கரு டிஎன்ஏ பகுதியில் பணம் போடாதீங்க, விருந்தோம்பி (மைட் வாழும் விலங்கு) வகைகளுக்குள் அதில் வேறுபாடு மிகக் குறைவு.

ஒரு ஆட்டில் 10 மைட் எடுத்தால் அவை 10 சுதந்திர மாதிரி ஆகாது. அக்கா தங்கச்சி மைட்டாக இருக்கும். விலங்குக்கு 3 முதல் 5 மைட், பட்டிகளைக் கூட்டுங்க.

பவானி ஆத்தோரம்:
ஊசி கேட்காததை காக்ஸ்1ல் தேடவே வேண்டாமுங்க. ஐவர்மெக்டின் பிடிப்பது மைட்டின் நரம்பில் உள்ள குளூட்டமேட் குளோரைடு வாயிலை. பெர்மெத்ரின் என்ற இன்னொரு மைட் கொல்லிக்கு எதிர்ப்பைப் பார்க்கும் சோடிய வாயில் மாற்றம் வேறு மரபணு, வேறு மருந்து. அதற்கும் முன்னாடி அளவைக் கேளுங்க: கிலோவுக்கு 0.2 மி.கி., 25 கிலோ ஆட்டுக்கு 1 சதவீத மருந்து 0.5 மி.லி., தோலுக்கடியில். கண் மதிப்பில் எடை போட்டு 15 கிலோ என்று போட்டால் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் போகும். முட்டையை மருந்து கொல்லாது, 14ஆம் நாள் மறுபடி போடோணும், பட்டியில் எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில். எதிர்ப்பு என்று பேசும் முன் இதைக் கேட்டு எழுதி வைங்க.

செலெக்ஸில் காலியான மைட் தோலைக் கொட்டிடாதீங்க. ஹோயர் திரவத்தில் (சிலைடில் பதிக்கும் திரவம்) சிலைடாக்கி, டிஎன்ஏ குழாயின் அதே எண்ணை எழுதுங்க. குட்டைக் கால், கால் நுனியில் கணு இல்லாத நீளக் காம்பு என்றால் சார்காப்டஸ். காம்பில் கணு தெரிந்தால் சோரோப்டஸ் என்ற வேறு மைட், அந்த எண்ணின் வரிசையை மரத்திலிருந்து எடுத்துடோணும்.